குருவின் முகத்தில் ஒரு கரும்புள்ளி

நம் வீடுகளில் குரு பகவானைப் பற்றி விசாரியாதவர்கள் அபூர்வம். பெண்ணுக்கு வரன் தேடும் தகப்பனார், உத்தியோகத்துக்கு மனுப் போட்டுவிட்டுப் பதிலை எதிர்பார்த்திருக்கும் பிள்ளை, பேரக் குழந்தையின் ஜாதகத்தை மடியில் வைத்துக் கொண்டிருக்கும் பாட்டி ஆகிய எல்லோருக்கும் குரு எந்த ராசியில் இருக்கிறார், எப்போது பெயர்ச்சி என்பது தெரியும். ஆனால் பஞ்சாங்கத்தில் சந்திக்கும் அந்தக் குருவை ஆகாயத்தில் நேருக்கு நேர் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இரவு தோறும் அவரைப் பார்ப்பதையே விரதமாகக் கொண்ட சிலர் உலகில் இருக்கிறார்கள். அவர்கள் ஜோசியர்கள் அல்ல. வான சாஸ்திரத்துக்காகச் சம்பளம் வாங்கும் பண்டிதர்களும் அல்ல. பகலில் வேறு ஏதோ தொழில் செய்து பிழைப்பவர்கள். இரவானால், சொந்தப் பணத்தில் வாங்கிய தூரதர்சினியை, அதாவது டெலிஸ்கோப்பை, கொல்லைப்புறத்தில் நிறுத்திக் கொண்டு கண் விழிப்பவர்கள். இவர்களை 'அமெச்சூர்' என்பார்கள். அந்த வார்த்தை நமக்குப் புதிதல்ல. பகலெல்லாம் கோர்ட்டில் வாதாடிவிட்டு மாலையில் அரிதாரம் பூசிக் கொண்ட வக்கீல்களின் நாடக சபைக்கு அமெச்சூர் சபை என்றுதானே பெயர்? நாடகத்தில் அமெச்சூர் என்றால் அதில் கொஞ்சம் கேலியும் கலந்திருக்கும். வான சாஸ்திரத்தில் அந்தக் கேலி செல்லாது. ஏன் என்பதைச் சொல்லுகிறேன்.

அரைமணி நேர ஓய்வு

ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவுக்கு வடக்கே முரம்பேட்மன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஆன்டனி வெஸ்லி என்பவர் அங்கே வசித்து வந்தார். கம்ப்யூட்டர் யந்திரங்களுக்குக் கட்டளைகள் எழுதுவது அவருடைய தொழில். குரு என்று நாம் சொல்லும் வியாழ கிரகத்தைப் படம் பிடிப்பது அவருடைய பைத்தியம். பதினாலரை அங்குல விட்டமுள்ள கண்ணாடி பொருத்திய தூரதர்சினி ஒன்று அவரிடம் இருந்தது.

2009-ம் வருஷம் ஜூலை மாதம் 19-ந் தேதி இரவு. தென் கோளத்தில் அது நடுக் குளிர்காலம். அன்று காற்று நிலையாக இல்லை. படங்கள் தெளிவாக விழவில்லை. இன்றைக்குப் போதும், எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடலாம் என்று வெஸ்லி நினைத்தார். பிறகு மனம் மாறியது. அரைமணி நேரம் ஓய்வு எடுத்துக் கொண்டு, மறுபடி பார்க்கலாம் என்று தீர்மானித்தார். அந்த அரைமணியில் டெலிவிஷனில் கிரிக்கெட்டும் கோல்ப் பந்தயமும் பார்த்தாராம்.

திரும்பி வந்தபோது வியாழனின் தென் துருவத்துக்கு அருகில், விளிம்பில், ஒரு மங்கலான புள்ளி தலை நீட்டிக் கொண்டிருந்தது. அந்தப் பிரதேசத்தில் கருநிறமான புயல்கள் எழுவது சகஜம். ஆகையால் முதலில் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. கிரகம் சுழலச் சுழலப் புள்ளி நடுப்பக்கம் நகர்ந்து வந்தது. அப்போதுதான் அவருக்குத் திகைப்பு உண்டாயிற்று. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிற ஒளியில் பார்த்தாலும் அது கறுப்பாகவே இருந்தது!

வியாழனின் சந்திரன்களில் ஒன்று குறுக்கே போகிறதோ? அல்லது சந்திரனின் நிழல்தானோ? இடமும் பொருந்தவில்லை, அளவும் பொருந்தவில்லை. மேலும், பக்கத்தில் அவருக்கு நன்றாகப் பழக்கமான வெண்மையான புயல் ஒன்று இருந்தது. புள்ளி அந்தப் புயலோடு சேர்ந்து, அதே வேகத்தில் நகர்ந்தது. எனவே, அது மேலே மிதக்கும் வஸ்துவும் அல்ல, விழுந்த நிழலும் அல்ல. மேக மண்டலத்திலேயே பதிந்த ஒரு வடு.

வெஸ்லி தம்முடைய பழைய படங்களைத் தேடி எடுத்தார். இரண்டே நாட்களுக்கு முன்பு அதே பிரதேசத்தை அவர் படம் பிடித்திருந்தார். அந்தப் படத்தில் புள்ளியைக் காணோம்.

அந்த நேரத்தில் அவருக்கு ஒரு தர்மசங்கடம். உடனே உலகத்துக்குச் சொல்வதா, அல்லது இன்னும் படம் பிடிப்பதா? வியாழனில் ஏதோ வந்து மோதியிருக்கிறது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? தவறாக இருந்தால் நகைப்புக்கு இடம். சரியாக இருந்து, சொல்லத் தாமதித்தாலோ, காற்றில் கலைந்து கொண்டிருக்கும் தடயத்தை மற்றவர்கள் பார்ப்பதற்குள் நேரம் போய்விடும். ஆகாயம் சிறிது சிறிதாகத் தெளிந்து வந்ததால் மேலும் அரைமணி படம் பிடித்தார். பிறகு உள்ளே போய் உலகெங்கும் உள்ள வியாழ ஆராய்ச்சிக்காரர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்.

ஹவாயிலும் ஆகாயத்திலும்

செய்தி அமெரிக்காவில் பாஸடீனா நகரத்திலுள்ள ஜெட் பிரபல்ஷன் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே க்ளென் ஆர்டன் என்ற வான சாஸ்திரியும் அவருடைய சகாக்களும் வியாழனை ஆராய்பவர்கள். ஹவாய்த் தீவில் மௌனா கியா என்னும் மலைச்சிகரத்தின் மேல் நாஸாவின் மூன்று மீட்டர் தூரதர்சினி ஒன்று இருக்கிறது. மனிதக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களைப் பார்ப்பது அது. தெய்வாதீனமாக, அந்தச் சமயத்தில் அதில் அவர்களுக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. சில மணி நேரத்துக்குள் அதை வியாழனை நோக்கித் திருப்பினார்கள். வெஸ்லியின் கண்ணுக்குக் கன்னங்கரேலென்று தெரிந்த அதே இடம், அகச்சிவப்பில் விளக்கேற்றினாற் போல் பிரகாசித்தது. மேகங்களுக்கு மேலே உயரத்தில் ஏராளமான தூசி சிதறிக் கிடந்தால்தான் அப்படித் தோன்றும். மோதல் நடந்தது உண்மை என்று அவர்கள் உறுதி செய்தார்கள்.

அப்போதுதான் ஹப்பிள் என்னும் ஆகாயத் தூரதர்சினியில் புதிய காமிரா ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அதைப் பரிசோதித்துச் சரிபார்க்கும் வேலை இன்னும் முடியவில்லை. ஆயினும், அந்த வேலையை நிறுத்திவிட்டு ஜூலை 23-ந் தேதி வியாழனைப் படம் எடுத்தார்கள். வடுவின் பரப்பு நம் பசிபிக் மகாசமுத்திரம் அளவு இருந்தது. அதை உண்டாக்கிய வஸ்துவோ சுமார் ஐந்நூறு மீட்டர் அகலந்தான் இருக்கும் என்றும், அது ஒரு வால் நட்சத்திரமாக அல்லாமல் கல்லாலான சிறுகோளாக இருக்கக் கூடும் என்றும் பின்னால் கணித்தார்கள்.

பதினைந்து வருஷங்களுக்கு முன், 1994 ஜூலையில், ஷூமேக்கர்-லெவி என்ற வால் நட்சத்திரத்தின் துண்டுகள் வரிசையாக வியாழன் மேல் விழுந்தன. ஆனால் அந்த விருந்துக்கு ஒரு வருஷம் முன்னதாகவே அழைப்பு வந்திருந்தது. உலகத்துத் தூரதர்சினிகள் எல்லாம் இலை போட்டுக் காத்திருந்தன. 2009-ல் வந்தவரோ அழையாத விருந்தாளி. அவர் வந்து போன சுவட்டை முதலில் கண்டவர் வெஸ்லி.

பெரிய கண்கள் ஏன் பார்க்கவில்லை?

கோடிக்கணக்கில் பணம் கொட்டிக் கட்டிய மகா தூரதர்சினிகள் இருக்கையில், இதைக் கண்டுபிடிக்க ஒரு கொல்லைப்புறக் கண்ணாடி வேண்டியிருந்ததே, ஏன்?

பதில் எளிது. பெரிய தூரதர்சினியில் ஒரு நாள் இரவு கிடைப்பது, பிரபல வைத்தியரிடம் நேரம் கிடைப்பதைப் போல. மாதக்கணக்கில் முன்னதாக மனுச் செய்ய வேண்டும். கமிட்டி கூடும். நூறு பேர் கேட்ட இடத்தில் சிலருக்குத்தான் சில இரவுகள் கிடைக்கும். பிரபஞ்சத்தின் எல்லையை ஆராய்பவரும், புதிய உலகங்களைத் தேடுபவரும் வாசலில் காத்திருக்கும்போது, 'வியாழனை இரவு தோறும் சும்மா பார்த்துக் கொண்டிருக்க வேண்டும்' என்று ஒருவர் மனுப் போட்டால் அதை யார் ஏற்பார்கள்? 2014 முதல் ஹப்பிளைக் கொண்டு வெளிக் கிரகங்களைத் தொடர்ந்து கவனிக்க ஒரு திட்டம் வகுத்தார்கள். அதிலும் ஒவ்வொரு கிரகத்துக்கும் வருஷத்துக்கு ஒரு தரந்தான் முறை வரும்.

கிரகத்தின் பக்கத்திலேயே ஆகாயக் கப்பலை அனுப்பினாலும் குறை தீரவில்லை. 2016 ஜூலையில் வியாழனைச் சேர்ந்த ஜூனோ என்னும் கப்பல், முதலில் 53 நாட்களுக்கு ஒரு தரம் கிரகத்தைச் சுற்றி வந்தது. அதில் மேகங்களை ஒட்டிப் பறந்தது சில மணி நேரமே. அந்தச் சில மணி நேரத்தில் கப்பல் கண்டது புதிதாக எழுந்த புயலா, பல மாதங்களாக இருந்து வருவதா என்று அறிய, அதற்கு முன்னும் பின்னும் அமெச்சூர்கள் எடுத்த படங்களையே விஞ்ஞானிகள் நாடினார்கள். பெரிய கண் கூர்மையாகப் பார்க்கும்; சிறிய கண் இமைக்காமல் பார்க்கும். இரண்டும் வேண்டும்.

நடுங்கும் ஆகாயம்

ஆயினும் சிறிய கண்ணாடியில் அவ்வளவு நுட்பமாகப் பார்க்க முடியுமா என்று நேயர்கள் கேட்கலாம். கண்ணாடியைவிடப் பெரிய சத்துரு நம் தலைக்கு மேலுள்ள காற்று. தெப்பக்குளத்தின் அடியில் கிடக்கும் காசைப் படியில் நின்று பாருங்கள். அலை ஆடும் வரையில் காசு நெளியும். எப்போதாவது ஒரு கணம் தண்ணீர் அசையாமல் நிற்கும். அப்போது காசின் தலைகூடத் தெரியும். கிரகங்களும் அப்படித்தான்.

முன்காலத்தில் அந்த ஒரு கணத்துக்காகக் கண்ணை வைத்துக் கொண்டு காத்திருந்து, கண்டதைப் பென்சிலால் வரைவார்கள். இப்போது விநாடிக்குப் பல படங்களாக, சில நிமிஷங்களில் ஆயிரக் கணக்கில் எடுத்துத் தள்ளுகிறார்கள். பிறகு கம்ப்யூட்டர், நெளிந்த படங்களைத் தள்ளிவிட்டு, காற்று அசையாத கணத்தில் விழுந்தவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கும். அரிசியில் கல் பொறுக்குவதைப் போன்ற வேலை. இதற்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு. நம் பூமியைப் போல் பதினொரு மடங்கு விட்டமுள்ள வியாழன், பத்து மணி நேரத்துக்குள் ஒரு முறை சுழன்றுவிடுகிறது. சில நிமிஷங்களுக்கு மேல் எடுத்தால், காற்று நின்றாலும் கிரகம் நகர்ந்து படத்தைக் கெடுத்துவிடும்.

இரண்டு விநாடி வெளிச்சம்

அடுத்த வருஷமே வெஸ்லிக்கு இரண்டாவது அதிர்ஷ்டம் வந்தது. 2010 ஜூன் 3-ந் தேதி வியாழனைப் படம் எடுத்துக் கொண்டிருக்கும்போது, கிரகத்தின் மேல் ஏதோ பளிச்சென்று மின்னி அணைந்தது. மொத்தம் இரண்டு விநாடி இருக்கும்.

தனி ஒருவர் கண்ட வெளிச்சத்தைச் சாஸ்திரம் ஒப்புக் கொள்ளாது. நம் காற்று மண்டலத்தில் எரிந்த எரிகல்லாக இருக்கலாம். மனிதன் ஏவிய செயற்கைச் சந்திரனில் பட்டுத் தெறித்த வெயிலாக இருக்கலாம். காமிராவின் கோளாறாகவும் இருக்கலாம். செய்தி பரவியதும் பிலிப்பைன்ஸ் தீவுகளில் ஸெபு நகரத்தில் கிறிஸ்டபர் கோ என்பவர் அதைக் கேட்டார். மேஜை நாற்காலி முதலிய மரச்சாமான் வியாபாரம் அவருக்கு ஜீவனம். அவரும் அந்த நேரத்தில் வியாழனைப் படம் எடுத்துக் கொண்டிருந்தார். ஆனால் ஒன்றையும் கவனிக்கவில்லை. தம்முடைய பதிவை மறுபடி ஓட்டிப் பார்த்தார். அதே கணம், அதே இடம், அதே வெளிச்சம்! ஆயிரக் கணக்கான மைல்களுக்கு அப்பால் உள்ள இரண்டு பேர் ஒரே புள்ளியில் காணும் வெளிச்சம் நம் காற்றில் தோன்றியதாக இருக்க முடியாது. அது வியாழனில் நேர்ந்ததே.

அந்த இரண்டு விநாடியின் ஒளியை அளந்து, விழுந்தது எட்டு முதல் பதின்மூன்று மீட்டர் அகலமுள்ள ஒரு கல் என்று ஸ்பெயின் தேசத்து விஞ்ஞானி ரிக்கார்டோ ஹுவேஸோவும் பிறரும் கணக்கிட்டார்கள். அந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் ஆசிரியர்களின் பெயர்களோடு வெஸ்லியின் பெயரும் கோவின் பெயரும் சேர்ந்து வெளிவந்தன.

எங்கோ தூரத்தில் உள்ள கிரகத்தில் ஒரு கல் விழுந்தால் நமக்கென்ன? 2013 பிப்ரவரி 15-ந் தேதி ருஷ்யாவில் செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே சுமார் இருபது மீட்டர் அகலமுள்ள கல் ஒன்று ஆகாயத்தில் வெடித்தது. ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கி ஏறக்குறைய 1,500 பேர் காயமடைந்தார்கள். இந்த அளவுள்ள கற்கள் சூரிய மண்டலத்தின் வெளிப்பகுதியில் எத்தனை திரிகின்றன? அவை மிகச் சிறியவை. அங்கே அவற்றை எந்தத் தூரதர்சினியாலும் நேராகக் காண இயலாது. வியாழனில் விழுந்து மடியும்போதுதான் அவை தம்மைக் காட்டிக் கொள்கின்றன.

ஒன்றுமில்லாத இரவுகள்

2010 ஆகஸ்டில் ஜப்பானில் ஒருவர், 2012-ல் அமெரிக்காவில் இருவர், 2016-ல் ஆஸ்திரியாவிலும் அயர்லாந்திலும், 2017-ல் கார்ஸிகா தீவில், 2019-ல் டெக்ஸாஸில், 2021-ல் பிரேஸிலில் என்று அதன் பிறகும் இத்தகைய மின்னல்களை அமெச்சூர்கள் பிடித்துக் கொண்டே வந்தார்கள்.

ஆனால் என் மனத்தை அதிகமாகக் கவர்ந்த விஷயம் வேறு. மார்க் டெல்குருவா என்ற பிரெஞ்சு அமெச்சூர், நண்பர்களின் பதிவுகளில் மின்னல் இருக்கிறதா என்று தானாகவே சோதிக்கும் கம்ப்யூட்டர் முறை ஒன்றைத் தயாரித்தார். பல தேசத்தார் தங்கள் பதிவுகளை அதில் ஓட்டிப் பார்த்து முடிவை அனுப்பினார்கள். 'மின்னல் ஒன்றும் இல்லை' என்பதே பெரும்பாலான முடிவு. அதையும் அவர்கள் அனுப்பினார்கள். ஏனென்றால், இத்தனை மணி நேரம் பார்த்ததில் இத்தனை தரம் மின்னிற்று என்று தெரிந்தால்தான் வருஷத்துக்கு எத்தனை கல் விழுகிறது என்று கணக்குப் போட முடியும். அப்படிப் போட்ட கணக்கில், ஐந்து முதல் இருபது மீட்டர் அளவுள்ள கற்கள் வருஷத்துக்குப் பத்து முதல் அறுபத்தைந்து வரை வியாழனில் விழக்கூடும் என்று 2018-ல் வெளியிட்டார்கள்.

வெஸ்லியின் கதையையும் இப்போது திரும்பிப் பாருங்கள். கரும்புள்ளி புதியது என்பதை நிரூபித்தது எது? இரண்டு நாட்களுக்கு முன் எடுத்த, புள்ளியே இல்லாத படம். அதை எடுத்த இரவில் 'இன்றைக்கு விசேஷம் ஒன்றுமில்லை' என்றுதான் அவர் படுக்கப் போயிருப்பார். அந்த விசேஷமில்லாத படம் இல்லாவிட்டால், விசேஷமான இரவு வந்தும் அவருக்கு அது தெரிந்திராது.

பாதிரியாரும் நகைச்சுவை நடிகரும்

இது நேற்று முளைத்த வழக்கம் அல்ல. இங்கிலாந்தில் 1890-ல் அமெச்சூர்கள் கூடி ஆரம்பித்த பிரிட்டிஷ் வானவியல் சங்கத்தில் வியாழனுக்கென்று தனிப் பிரிவு உண்டு. பிலிப்ஸ் என்ற பாதிரியார் அதை முப்பது வருஷங்களுக்கு மேல் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற இரவுகளில் வியாழன். ஒவ்வொரு புள்ளியும் கிரகத்தின் நடுக்கோட்டைக் கடக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக் குறித்தார்கள். அந்தக் குறிப்புகளிலிருந்து வியாழனின் காற்றோட்டங்கள் எந்த அட்சத்தில் எவ்வளவு வேகம் என்று கணித்தார்கள்.

1933 ஆகஸ்டு 3-ந் தேதி சனி கிரகத்தில் பெரிய வெண்புள்ளி ஒன்றைக் கண்டு சொன்னவர் வில் ஹே. அவர் யார் தெரியுமா? இங்கிலாந்து முழுவதையும் சிரிக்க வைத்த நாடக, சினிமா நடிகர். ஒன்றும் தெரியாத பள்ளிக்கூட வாத்தியார் வேஷம் அவருக்குப் பேர் போனது. மேடையில் அசட்டு வாத்தியாராக நின்றவர், வீட்டுக்கு வந்து ஆறு அங்குலத் தூரதர்சினியில் கண்ணை வைத்ததும் நிஜமான வாத்தியாராகி விட்டார்! நம் ஊர் வக்கீல்கள் தொழிலில் நிபுணர், நாடகத்தில் அமெச்சூர். இவரோ நாடகத்தில் நிபுணர், நட்சத்திரத்தில் அமெச்சூர்.

மரச்சாமான் வியாபாரி கோவின் பேரும் முதலில் பிரபலமானது 2006 பிப்ரவரியில். வியாழனில் 1939-ஐ ஒட்டித் தோன்றிய மூன்று வெண்புயல்கள், 1998-லும் 2000-லும் ஒன்றோடொன்று கலந்து ஒரே புயலாயின. அந்தப் புயல் வெளுப்பிலிருந்து சிவப்பாக மாறிவிட்டதை முதலில் கவனித்தவர் அவர். வியாழனின் புகழ் பெற்ற செம்புள்ளிக்கு ஒரு தம்பி பிறந்துவிட்டான் என்று விஞ்ஞானிகள் ஆச்சரியப்பட்டு, ஏப்ரல் மாதம் ஹப்பிளைத் திருப்பிப் பார்த்தார்கள்.

ஜெஸ்ஸூரிலிருந்து காவலூருக்கு

நம் தேசத்தில் இப்படி யாரும் இல்லையா என்று நேயர்கள் கேட்பது காதில் விழுகிறது. கிரகங்களில் அல்ல, நட்சத்திரங்களில் இந்த விரதத்தைக் காத்த ஒருவர் இருந்தார். வங்காளத்தில், இப்போது பங்களா தேசத்தைச் சேர்ந்த ஜெஸ்ஸூர் நகரத்தில், கஜானாவில் குமாஸ்தாவாக இருந்த ராதாகோவிந்த சந்திரர் அவர். காலேஜ் படிப்பு இல்லை. பகலில் சர்க்கார் நாணயங்களை எண்ணினார். இரவில் கூடியும் குறைந்தும் ஒளி வீசும் நட்சத்திரங்களை அளந்தார். அந்நிய ஆட்சியில் சிறு சம்பளத்துக்கு வேலை பார்த்த அந்த மனிதர், அமெரிக்காவில் மாறும் நட்சத்திரங்களை ஆராயும் சங்கத்துக்கு முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட குறிப்புகளை அனுப்பினார். அவருடைய பட்டம் என்ன என்று அங்கே யாரும் கேட்கவில்லை. குறிப்பு சரியா என்றுதான் பார்த்தார்கள். சரியாக இருந்தது. 1926-ல் அந்தச் சங்கத்தார் ஆறு அங்குலத் தூரதர்சினி ஒன்றை அவருக்கு அனுப்பி வைத்தார்கள். அவருக்குப் பின் அது வான சாஸ்திர மேதை வேணு பாப்புவின் கைக்கு வந்து, முடிவில் நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாராய்ச்சி நிலையத்தை அடைந்தது.

அறிவு என்பது சம்பளப் பட்டியலில் பேர் உள்ளவர்களின் மிராசு நிலம் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு நாள் பார்த்துவிட்டு ஒன்பது நாள் தூங்குகிறவருக்கு ஆகாயம் எதையும் சொல்வதில்லை. ஒன்றுமில்லாத இரவுகளையும் ஒழுங்காகக் குறித்து வைத்தவருக்குத்தான் அது தன் ரகசியத்தைச் சொல்லுகிறது.

தூரதர்சினி இல்லாவிட்டால் பாதகமில்லை. வியாழன் இரவில் தெரியும் மாதங்களில் மொட்டை மாடிக்குப் போங்கள். மினுமினுக்காமல் நிலையாக, மற்ற நட்சத்திரங்களைவிடப் பிரகாசமாக நிற்பதே அது. சாதாரண இரட்டைக் குழல் தூரக் கண்ணாடியை மதில் மேல் அசையாமல் ஊன்றிப் பார்த்தால், பக்கத்தில் ஒரே வரிசையில் சிறு முத்துக்கள் போல் அதன் நான்கு பெரிய சந்திரன்களும் தென்படும். சில இரவுகளில் ஒன்று மறைந்திருக்கும். இருந்த இடங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு வரைந்து வையுங்கள். மறு நாளும் வரையுங்கள், இடம் மாறியிருக்கும். வீட்டுக் குழந்தைகள் கையில் பென்சிலைக் கொடுத்து விடுங்கள். குருவை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் கேட்டேன். அடுத்த முறை யாராவது அதைக் கேட்டால், அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டலாம்.